இறக்கிவிடுகிறவள்

அந்த ஊரில் கோடைகாலத்துக்கு விடியல் கிடையாது. இருட்டினால்தானே விடிவதற்கு. சூரியன் வானத்து ஓரமாகவே செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வரும். சங்கு ஊதினால் காலை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சங்கு ஊதியதும் தகரக் கொட்டகைக்குள்ளிருந்து எல்லோரும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கொசுவலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வரிசையில் வந்து நிற்பார்கள். கொட்டகை வாசலிலிருந்து வயல் கேட்டுக்கு இருநூறு எட்டு. வரிசை ஊர்ந்துதான் போகும். அந்த இருநூறு எட்டுக்குள் காத்தாயி தன் வேலையை முடித்தாக வேண்டும்.

அவள் வேலை, ஆட்களை இறக்கிவிடுவது.

அவள் செட்டில் இருபத்திரண்டு பேர். வால்பக்கமிருந்து ஆரம்பிப்பாள். ஒவ்வொருவரோடும் நாலு எட்டு கூட நடப்பாள், காதோரமாக ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ சொல்வாள், அடுத்த ஆளுக்குப் போய்விடுவாள். செல்லக்கிளிக்கு, "நீலக் குடம்." கடல் உள்ளே வந்த அன்றைக்கு அவள் வீட்டுக்குள் மிதந்துகொண்டிருந்த குடம் அது. அதைப் பிடித்துக்கொண்டு மிதந்த மாமியாருக்குக் கை தளர்ந்தபோது குடம் மட்டும் தனியாகச் சுற்றியது. அடைக்கலத்துக்கு, "கட்டுத்தறி." மாடுகளை அவிழ்த்துவிட மறந்து அவர் மச்சுக்கு ஏறியவர். சொல் காதில் விழுந்ததும் தோள் இரண்டும் தொங்கிவிடும். தொங்கினால் சரி, இறங்கிவிட்டார் என்று அர்த்தம்.

"யக்கா, இன்னிக்கு என்னைக் கொஞ்சம் ஆழமா இறக்கிவிடு, ராத்திரி நல்லாச் சாப்புட்டுத் தொலைச்சிட்டேன்" என்று செல்லக்கிளி கேட்பாள், ஏதோ தலைவாரி விடச் சொல்கிற மாதிரி. வயிறு நிறைந்த மறுநாள் எல்லோருக்கும் எண் நாலைந்து ஏறும். அதனால் பாதிப் பேர் ராத்திரிச் சோற்றை மூடி வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள்.

கேட்டில் இடுப்புயரத்துக்கு ஒரு தூண். தூண்மேல் வெள்ளைத் தட்டு. தூணின் நெற்றியில் கன்சென்ட் மீட்டர் என்று பொறித்திருக்கும். சர்க்கார் தமிழில் அதற்கு இசைவுமானி என்று பெயர். ஆட்கள் வாயில் மனசுப்பெட்டி. உள்ளங்கையைத் தட்டில் வைத்தால் ஒரு சின்னக் கண்ணாடியில் பூஜ்யத்திலிருந்து எண் ஏற ஆரம்பிக்கும். வியர்வை, நாடி, குடல் முறுக்குவது, தோலுக்கு அடியில் நடுங்குவது எல்லாவற்றையும் அது பார்க்கும். ஒன்று போதுமா, இரண்டு போதுமா என்று உடம்பிடம் கேட்டுக்கொண்டே போகும். எந்த இடத்தில் மனசு முரண்டு பிடிப்பதை நிறுத்துகிறதோ அங்கே எண் நிற்கும். அன்றைக்கு உனக்கு அத்தனை அலகு கூலி. வாயால் கூட்டியோ குறைத்தோ சொல்லி ஏமாற்ற முடியாது. வாயை யாரும் கேட்பதே இல்லை.

கேட்டுக்கு மேலே பலகையில் அன்றைய உச்சம் ஓடும். உன் எண் அதற்குள் இருந்தால் பச்சை விளக்கு, கேட் திறக்கும். தாண்டினால் சிவப்பு. ஒரு பெண் குரல் தேன் தடவினாற்போலச் சொல்லும்: "உங்கள் இசைவின்மையை மதிக்கிறோம்." அன்றைக்கு வேலை இல்லை. தொடர்ந்து மூன்று சிவப்பு விழுந்தால் கப்பல். கப்பல் என்றால் உப்பு முகாம்.

உப்பு முகாமிலிருந்துதான் எல்லோரும் வந்தவர்கள். கடல் ஏறி டெல்டா முழுக்க உப்பு பூத்த பிறகு மிச்சமிருந்த சனத்தைக் கொண்டுபோய் அடைத்த மேட்டுநிலம் அது. இங்கே வடகோடியில் ஆயிரம் வருஷப் பனி உருகி, சேறு சேறாக நிலம் வெளியே வந்திருந்தது. நெல் விளைந்தது. மோரும் பிணமும் கலந்த மாதிரி ஒரு வாடை அடிக்கும் சேறு. அதில் இயந்திரத்தை இறக்கினால் மறுநாள் இயந்திரம் இருந்த இடத்தில் குளம்தான் இருக்கும். மனுஷக் கால்தான் அதற்கு லாயக்கு. நடவு தெரிந்த கால், பாரம் இல்லாத கால், சோறு குறைவாகத் தின்ற கால்.

காத்தாயியை யாரும் இந்த வேலைக்கு வைக்கவில்லை. சம்பளமும் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வேம்பு என்று ஒருத்தி, அண்ணனுக்குக் கல்யாணம் என்று சேதி வந்த சந்தோஷத்தில் மூன்று நாளும் எண் ஏறிப்போய்க் கப்பலேறினாள். முகாமில் அவள் ஒரு மழைக்குத் தாங்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டார்கள். அதற்கப்புறம்தான் காத்தாயி யோசித்தாள். சந்தோஷம்தான் கெடுக்கிறது, துக்கத்தை நினைத்தால் எண் இறங்குகிறது, இறங்கினால் பிழைத்துக்கிடக்கலாம். ஒவ்வொருவர் மனசிலும் எங்கே கை வைத்தால் அடி ஆழத்துக்குப் போவார்கள் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொண்டாள். அவள் செட்டில் ஒருவரும் அதன்பிறகு கப்பலேறவில்லை. ஆனால் அவள் செட்டு இறங்க இறங்கப் பக்கத்துச் செட்டுகளும் ஆளுக்கொரு காத்தாயியைத் தேடிக்கொண்டன. பலகையில் உச்சம் நூற்று இருபதிலிருந்து நூறாயிற்று, எண்பதாயிற்று. இப்போது அறுபது.

மேஸ்திரி ஜெயசீலன் அவளைப் பார்த்தாலே கும்பிடுவான். அவனும் அந்தப் பக்கத்து ஆள்தான், பல்லெல்லாம் புதுசாகக் கட்டியிருந்தான். "நீ ஒருத்தி இருக்கியே தாயி, எனக்கு வேலையே இல்ல" என்பான். அதைக் கேட்டுக் காத்தாயிக்கு முதலில் பெருமையாகக்கூட இருந்தது.

இந்தச் சட்டம் வந்த கதையை நினைத்தால் அவளுக்கு இன்னும் ஆச்சரியம் அடங்காது. கேட்டு வாங்கிய சட்டம் அது. இளம்பிராயத்தில் அவளே கொடி பிடித்துப் போனாள், நாற்பது நாள், பதினாறு ஊர் தாண்டி. மனம் ஒப்பாத கூலிக்கு ஒருவனும் மண்ணில் இறங்கக் கூடாது என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். கத்தியதை எழுத்துப் பிசகாமல் கொடுத்துவிட்டார்கள். இசைவுச் சட்டம் நிறைவேறிய அன்றைக்கு அவள் பிடித்த கொடிக்குச்சியைக் கொண்டுபோய்த் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்தாள்.

*

இப்போது கஷ்டம் அவள் புருஷனுக்கு வந்திருந்தது.

உத்திராபதியின் எண் எப்போதும் ஐம்பத்திரண்டுதான். அவனை இறக்க ஒரே சொல் போதும். பூங்காவனம். அவர்கள் மகள் பெயர். வேலைக்குக் கை பதிய அவன் துறைமுகத்துக்குப் போய் ஒன்பது நாள் கழித்து முகாமுக்குத் திரும்பியபோது, ஐந்து வயதுப் பிள்ளை ஜுரத்தில் போய்விட்டாள் என்று காத்தாயி சொன்னாள். அந்த வாரமே கப்பல். அழக்கூட நேரம் இல்லாமல் இரண்டு பேரும் ஏறினார்கள்.

கெட்ட காலம் எழுத்து வடிவத்தில் வந்தது. குளிர்காலம் முழுக்க வேலை இல்லாமல் கொட்டகைக்குள் அடைந்து கிடந்தபோது, அடைக்கலத்திடம் உத்திராபதி எழுத்துப் படித்தான். நாற்பத்தாறு வயதில் கரித்துண்டை வைத்துக்கொண்டு தகரச் சுவரில் ஆனா ஆவன்னா கிறுக்கினான். மற்றவர்கள் கேலி செய்தார்கள். கலெக்டர் வேலை காலியாத்தான் இருக்கு மாமா, சீக்கிரம் முடி என்றாள் செல்லக்கிளி. அவன் சட்டை செய்யவில்லை. படித்த எழுத்தை வைத்துப் படிக்க அங்கே என்ன இருக்கிறது. மூட்டைதான் இருந்தது. அரவை ஆலைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்த வெள்ளை மூட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நாரை படம். நாரைக்குக் கீழே தமிழில் அச்சடித்திருந்ததை அவன் ஒரு மத்தியானம் முழுக்க நின்று எழுத்துக் கூட்டினான்.

உப்பு முகாம் விநியோகத்துக்கு மட்டும். கிலோ ஒன்றுக்கு நாற்பது அலகு.

தங்கள் சேற்றில் விளைந்த அரிசி தங்கள் சனத்துக்கே போகிறது என்பதும், ஒரு நாள் முழுக்கக் குனிந்து நட்டால் ஒரு கிலோவும் ஒரு கைப்பிடியும் வாங்கலாம் என்பதும், அதே ஒரு நாளில் தான் நடுகிற நாற்று எத்தனை மூட்டையாகும் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக அவனுக்கு விளங்கிற்று. மறுநாள் காலை அவன் எண் எண்பத்தெட்டில் போய் நின்றது.

காத்தாயி மகள் பெயரைச் சொன்னாள். அது வேலை செய்யவில்லை. "பேரைச் சொல்லாத புள்ள. பேரைக் கேட்டா இப்பக் கோவந்தான் வருது" என்றான். அவன் மேல் தப்பில்லை. படித்ததைப் படிக்காதது ஆக்க அவனுக்கு வழி தெரியவில்லை. அன்று பகலும் ராத்திரியும் பட்டினி கிடந்து பார்த்தான். மறுநாள் தொண்ணூற்றொன்று. இரண்டாவது சிவப்பு.

அன்றைக்குப் பார்த்து ஆய்வாளர் ஒருத்தி வந்திருந்தாள். பெயர் தாரகை. வடக்குப் பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவள், தாத்தா காலத்தில் வந்த தமிழ்க் குடும்பம். நல்ல பெண்தான். குளிருக்குக் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு, பாடப்புத்தகத்தைத் திறந்த மாதிரி பேசினாள். குறைந்த கூலிக்கு ஆட்களைக் கொண்டுவந்து வதைக்கிறார்கள் என்று யாரோ மனு எழுதிப் போட்டிருந்தார்களாம். இங்கு நீங்கள் சுரண்டப்படுகிறீர்களா என்று வரிசையைப் பார்த்து அவள் கேட்டதும், சுரண்டறதுக்கு எங்கள்ட்ட என்ன தாயி இருக்கு, அடிப்பிடிச்ச சோறா என்றாள் செல்லக்கிளி. எல்லோரும் சிரித்தார்கள். தாரகையும் சிரித்துவிட்டுக் கணினிச் சிலேட்டில் அதையும் குறித்துக்கொண்டாள்.

ஜெயசீலன் அவளுக்கு மனசுப்பெட்டியின் மூன்று வருஷக் கணக்கைக் காட்டினான். ஒருவர்கூட விருப்பமில்லாமல் ஒரு மணி நேரம் உழைத்ததில்லை என்று அதில் இருந்தது. விருப்பமில்லாதவர்களுக்குப் பண்ணை தன் செலவில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஊருக்கு அனுப்புகிறது என்பதும் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் தாரகைக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். சிவப்பு விழுந்த புருஷனோடு கேட்டுக்கு வெளியே நின்றுவிட்ட காத்தாயியிடம் வந்து, அவளுடைய எண் முப்பத்தொன்று என்றும், மொத்தப் பண்ணையிலும் அதுதான் குறைவு என்றும் சொன்னாள்.

"இந்தக் கூலிக்கு நீங்கள் உண்மையிலேயே சம்மதிக்கிறீர்களா?"

"சம்மதந்தான்."

"பிறகு ஏன் உங்கள் முகம் இப்படி இருக்கிறது?"

காத்தாயி சொன்னாள்: "வேலை கஷ்டமில்லம்மா. பொறந்ததுலேர்ந்து செய்யிறது. தெனம் காலையில சம்மதிக்கணும் பாருங்க, அதுதான் முடியல."

தாரகை அதைக் குறித்துக்கொள்ளவில்லை. எப்படிக் குறிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருந்தது. அந்தக் கேள்விக்கு அவளுடைய சிலேட்டில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. ஜெயசீலன் குறுக்கே புகுந்து, அவங்களா வாராங்க, அவங்களா ஒத்துக்கிறாங்க, முகாம்ல இருந்தா இந்நேரம் இவங்க மேல புல் முளைச்சிருக்கும், நாங்க என்ன கழுத்துல கயிறா கட்டி இழுத்தாந்தோம் என்றான். அதுவும் நிஜம்தான் என்று காத்தாயிக்குத் தோன்றிற்று. முகாமை அவன் உண்டாக்கவில்லை. முகாம் இருப்பதால்தான் இந்தப் பண்ணை நடக்கிறது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது.

அன்று முழுக்க உத்திராபதி சுவரில் தான் எழுதிய எழுத்தையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்தால் மறந்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ. "போறதுன்னா போறேன் புள்ள. நீ இருந்து சம்பாதி" என்றான். நெஞ்சுக்கூடு பழுதானவன். முகாமின் உப்புக்காற்றில் ஒரு மாதம் தாங்க மாட்டான் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

காத்தாயியிடம் இன்னும் ஒரு சொல் மிச்சம் இருந்தது. யாரிடமும் சொல்லாதது. தினம் காலையில் கையைத் தட்டில் வைக்கும்போது அவள் தன்னை இறக்கிக்கொள்வது அதை வைத்துத்தான். அதனால்தான் முப்பத்தொன்று.

*

மூன்றாம் நாள் சங்கு ஊதியது. காத்தாயி அன்றைக்கு யார் பக்கமும் போகவில்லை. புருஷனோடு சேர்ந்து நடந்தாள். பின்னாலிருந்து செல்லக்கிளி, யக்கா, யக்கா என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டாள்.

நூறு எட்டு ஆயிற்று. நூற்றிருபது. முன்னால் பச்சை விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

"நம்ம புள்ள ஜுரத்துல போவலய்யா."

அவன் நடையை நிறுத்தவில்லை. கொசுவலைக்குள் முகம் மட்டும் திரும்பிற்று.

அவள் நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் போன மூன்றாம் நாள் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. விநியோகக் கிடங்கில் மூட்டை மூட்டையாக அரிசி இருந்தது, நாரை போட்ட மூட்டை. அப்போது கிலோ இருபத்தாறு அலகு. அவளிடம் இருந்தது இருபத்து மூன்று. இருக்கிற காசுக்குக் கொடுங்கள் என்று கேட்டாள். முத்திரை போட்ட கிலோப் பை, பிரித்துக் கொடுக்க விதி இல்லை என்றார்கள். மூன்று அலகுக்கு யார் யாரையோ கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் அவளை மாதிரியே நின்றுகொண்டிருந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் கிடங்கு வாசலிலேயே கிடந்தாள், யாராவது மனசு மாறுவார்கள் என்று.

"மூட்டையில சாஞ்சுக்கிட்டு நாரையை வெரலால தடவிக்கிட்டே இருந்திச்சு. அப்பறம் தடவல. தூங்குதுன்னு நெனச்சு நான் எழுப்பல."

அவ்வளவுதான் சொன்னாள். வரிசை நகர்ந்தது. அவன் தோள் தொங்குகிறதா என்று அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். தொங்கவில்லை. நேராக, மரம் மாதிரி நடந்தான். ஐயோ, கோபந்தான் வந்துவிட்டது, கெடுத்துவிட்டேன் என்று அவள் நினைக்கும்போதே அவன் கையைத் தட்டில் வைத்துவிட்டான்.

கண்ணாடியில் பூஜ்யம். எண் நகரவில்லை.

பெட்டி கெட்டுவிட்டது என்று ஜெயசீலன் ஓடிவந்தான். தட்டைத் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னான். பூஜ்யம். வேறொருவரை வைக்கச் சொன்னான், ஐம்பத்தெட்டு என்று ஒழுங்காகக் காட்டிற்று. மறுபடி உத்திராபதி. பூஜ்யம், பச்சை. தாரகை கம்பளிக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தாள். ஒன்றுமே வாங்காமல் வேலை செய்ய உங்கள் மனம் ஒப்புகிறதா, ஏன் என்று கேட்டாள்.

"சீக்கிரம் நட்டாச் சீக்கிரம் போய்ச் சேரும்ல" என்றான் உத்திராபதி.

எங்கே போய்ச் சேரும் என்று அவள் கேட்பதற்குள் கேட்டைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேற்றில் இறங்கிவிட்டான். தாரகை சிலேட்டை எடுத்தாள். பிறகு தன் மக்களின் பசி தீர ஊதியமின்றி உழைக்க முழுமனத்துடன் இசைந்தவர் என்று எழுதினாள். எழுதும்போது அவளுக்குக் கண் கலங்கிற்று. இப்படியொருவரைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று ஜெயசீலனிடம் சொன்னாள்.

அடுத்தது காத்தாயி. அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ வித்தியாசமாக இருந்தது. தலைச்சுமையை யாரோ ஒரு கை பிடித்து இறக்கி வைத்தால் கழுத்து தானாக மேலே எழுமே, அந்த மாதிரி. புருஷன் பிழைத்துக்கொண்டான் என்ற நிம்மதி என்று எண்ணினாள். கையை வைத்தாள். எப்போதும்போல் கிடங்கு வாசலை நினைத்தாள், நாரையை நினைத்தாள். எண் முப்பத்தொன்றைத் தாண்டிற்று. அறுபதைத் தாண்டிற்று. நூற்று நாற்பதில் போய் நின்றது.

"உங்கள் இசைவின்மையை மதிக்கிறோம்."

வரிசையை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு விளங்கிற்று. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள். சொன்னதும் பாதி அவனிடம் போய்விட்டது. தனியாகச் சுமந்தவரைக்கும் அது கல் மாதிரி அவளை அடியில் வைத்திருந்தது. இப்போது அவள் மிதந்துவிட்டாள்.

*

ஒருவன் பூஜ்யத்துக்கு ஒத்துக்கொண்ட செய்தி பண்ணையின் கணக்குப்பொறிக்குப் போயிற்று. மறுநாள் பலகையில் உச்சம் நாற்பது. கொட்டகையில் பாதிப் பேருக்கு அன்றைக்கே சிவப்பு. தர்மப்பிரபு வாராரு, வழிவிடுங்கடா என்று உத்திராபதியின் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு எதிரேயே சொன்னார்கள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. சங்கு ஊதுமுன்பே எழுந்து போய் நின்றான், வேலை முடிகிற சங்கு ஊதியபிறகும் குனிந்தே கிடந்தான், மற்றவர்கள் போய் இழுத்துவர வேண்டியிருந்தது.

அடைக்கலம் வந்து காத்தாயியின் கையைப் பிடித்தார். என்னை நாற்பதுக்குக் கீழே இறக்கிவிடும்மா, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்றார். கட்டுத்தறி என்றாள். அவர் காத்திருந்தார். இன்னொரு தரம் சொன்னாள். அது வெறும் மரத்துண்டின் பெயராக வந்தது, வேறொன்றும் வரவில்லை. அவருக்கு ஐம்பத்தைந்து, சிவப்பு. அவளுக்கு இரண்டாவது சிவப்பு. நூற்று அறுபத்தைந்து.

அது ஏன் இன்னும் ஏறிற்று என்பதும் அவளுக்குத் தெரியும். முதல் நாள் மாலை உத்திராபதி வயலிலிருந்து வந்ததும் அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கைகழுவி, அவள் தொடாமல் வைத்திருந்த சோற்றைப் பிசைந்து, தட்டை அவள் முன்னால் நகர்த்தினான். "மூணு அலகுக்கு நீ எங்கடி போவே. உன் தப்பு என்ன இருக்கு இதுல" என்றான். அந்த ஒரு பேச்சில் இருபத்தைந்து ஏறிவிட்டது.

மூன்றாம் நாள் காலை. இருநூறு எட்டு. இன்றைக்கு அவள்தான் அவன் பக்கத்தில் ஒட்டி நடந்தாள்.

"என்னை இறக்கிவிடுய்யா."

அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "எப்படி?"

"நாந்தான் கொன்னேன்னு சொல்லு."

"உனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா?"

"சொல்லுய்யா. அங்க தனியா என்னால இருக்க முடியாது. அந்தக் கிடங்கு வாசல் வழியாத்தான் தெனம் தண்ணிக்குப் போவணும். சொல்லு."

அவன் பத்து எட்டு கூட நடந்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். ஆனா ஆவன்னா எழுதும்போது நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொரு கோடாக இழுப்பானே, அந்த மாதிரி ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். "நீதான் கொன்னே. எம்புள்ளய. நீ ஒரு தாயா?" சொல்லும்போதே அவன் கை தன்னையறியாமல் எழுந்து, அவள் தலையில் விலகியிருந்த கொசுவலையை இழுத்துக் காதை மூடிவிட்டது.

அவள் அவன் சொன்னதை நம்பப் பார்த்தாள். இருநூறு எட்டு முடியும்வரை பாடுபட்டாள். நம்ப முடியவில்லை. உலகத்தில் ஒருத்தனுக்குத் தன்மேல் இவ்வளவு பிரியம் இருக்கிறதே என்றுதான் மனசு சொல்லிற்று. மனசு சொன்னதைத்தான் பெட்டி கேட்கும்.

நூற்று எண்பத்திரண்டு.

பின்னால் நின்ற உத்திராபதி கையை வைத்தான். பூஜ்யம், பச்சை. கேட் திறந்தது, அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான். உள்ளே போனவன் அவளோடு கப்பலேற வேண்டுமானால் அவன் மனசு ஒப்பக் கூடாது. அவன் மனசோ முழுக்க ஒப்பிவிட்டிருந்தது. நாற்றுக்கட்டைக் கையில் எடுத்ததும் குனிந்துவிட்டான்.

*

கப்பல்துறையில் தாரகை மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் திரும்புகிறவர்களின் வாக்குமூலம் இல்லாமல் அவள் அறிக்கை முடியாது. அந்த முறை பதினெட்டுப் பேர் போகிறார்கள். பாதி காத்தாயியின் செட்டு. செல்லக்கிளி அவள் முகத்தைப் பார்க்காமல் தள்ளி நின்றாள்.

மேசையிலும் ஒரு வெள்ளைத் தட்டு இருந்தது. சின்னது. சொல்வது உண்மையா என்று மட்டும் அது பார்க்கும். தாரகை மெல்லிய குரலில் கேள்வியைப் படித்தாள். ஏதோ தன்னால் முடிந்த உபகாரத்தைச் செய்கிறவள் போல, அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று இரண்டு தரம் சொன்னாள்.

"இந்த மூன்று ஆண்டுகளில், உங்கள் மனம் ஒப்பாத கூலிக்கு ஒரு நாளாவது இங்கே உழைத்தீர்களா?"

காத்தாயி கையைத் தட்டில் வைத்தாள். நீலக் குடத்தை நினைத்தாள், கட்டுத்தறியை நினைத்தாள், இருபத்திரண்டு பேருடைய காதுகளையும் நினைத்தாள். ஒவ்வொரு நாளையும் எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஒப்பாத நாள் ஒன்றுகூட அகப்படவில்லை.

"இல்ல" என்றாள்.

பச்சை விளக்கு எரிந்தது. தாரகை கட்டத்தில் குறித்துக்கொண்டாள்.

ஆட்களுக்கென்று கப்பலில் தனி இடம் கிடையாது. அடித்தளத்தில், சரக்கோடு சரக்காக, பதினோரு நாள். ஏறியவர்கள் ஆளுக்கொரு மூட்டையில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டார்கள். எல்லா மூட்டையிலும் நாரை. காத்தாயி நடுவில் கொஞ்சம் வெறுந்தரை தேடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, எதிலும் சாயாமல் உட்கார்ந்தாள்.